போர்க்கால இளம்பெண்களைப் பற்றி வரலாற்றுப் புனைவு எழுதுவது எப்படி: திருகோணமலை எழுத்தாளருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க் காலத்து இளம்பெண்ணொருத்தியை நடுவில் வைத்துச் சிறுகதையோ நாவலோ எழுத விரும்பும் நம்மூரவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவள் நாசிகளின் பிடியில் இருந்த ஐரோப்பாவின் யூதப் பெண்ணாக இருக்கலாம்; டொக்யார்ட் வீதிக்குப் பின்னால் கிடுகு வேலிக்குள் வளர்ந்த திருகோணமலைப் பெண்ணாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வேலைமுறை ஒன்றுதான். அவளுக்குப் பெயர் வைப்பதற்கு முன் கதைக்குத் திகதி வையுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஊரின் எந்தத் தெரு என்பது தாளில் எழுதப்படும் வரை அவளை வாய் திறக்க விடாதீர்கள்.

இந்த வகைப் புனைவில் கெட்டுப்போகும் கதைகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் கெடுகின்றன. எழுதுபவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது. 1940 இல் வார்சோவில் இருக்கும் பெண் நச்சுவாயு அறையை நினைத்து நடுங்குகிறாள். 1942 இல் திருகோணமலையில் இருக்கும் பெண், போலந்திலிருந்த நாசி முகாமான அவுஷ்விட்ஸில் மாண்டவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறாள். இரண்டும் நடந்திருக்க முடியாதவை. அவள் அன்றைக்கு எதை அறிந்திருந்தாள், எதை அறியாமல் ஒரு முடிவெடுத்தாள் என்ற இடத்தில்தான் இத்தகைய கதையின் உயிர் இருக்கிறது.

முதல் வேலை: அறிவு நாட்காட்டி

ஒரு கொப்பியை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போடுங்கள். முதலாவதில் நிகழ்ச்சி நடந்த திகதி, இரண்டாவதில் நிகழ்ச்சி, மூன்றாவதில் அது உங்கள் பெண்ணுக்கு எப்போது, யார் வழியாகத் தெரிந்திருக்கக்கூடும் என்பது. முதல் இரண்டு பத்திகளையும் ஒரு மாலைக்குள் நிரப்பிவிடலாம். மூன்றாவது பத்திதான் வாரக்கணக்கில் வேலை வாங்கும், கதைக்கு வேண்டிய பொருளைத் தருவதும் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 1942 மார்ச் 25 ஆம் திகதி இரவு ஸ்லோவாக்கியாவின் போப்ராட் நகரத்திலிருந்து ஒரு புகையிரதம் புறப்பட்டது. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான யூதப் பெண்கள், பெரும்பாலும் மணமாகாத இளம்பெண்கள், அதில் ஏற்றப்பட்டிருந்தார்கள். மறுநாள் அவர்கள் அவுஷ்விட்ஸை அடைந்தார்கள். சில மாதங்கள் வேலைக்குப் போய்வர வேண்டும் என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஐரோப்பிய யூதர் அனைவரையும் அழிக்கும் திட்டத்தை ஒழுங்குபடுத்திய வான்சே கூட்டம் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, ஜனவரி 20 ஆம் திகதி, மூடிய கதவுக்குள் நடந்து முடிந்திருந்தது. உங்கள் கொப்பியின் முதல் வரியில் வான்சே இருக்கும். ஆனால் அதற்கு நேரே மூன்றாவது பத்தி வெறுமையாக இருக்க வேண்டும். போப்ராட் பெண்ணுக்கு வான்சே தெரியாது. அவளுடைய அம்மா பெட்டிக்குள் எதை வைத்து அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். குளிர் உடுப்பா, நல்ல உடுப்பா? வேலைக்குப் போகும் மகளுக்குப் பெட்டி அடுக்குவதும் கொலைக்களத்துக்குப் போகும் மகளை வழியனுப்புவதும் வேறு வேறு காட்சிகள். இரண்டாவது காட்சியை எழுதினால் வாசகரை எளிதாக அழவைக்கலாம். முதலாவதே நடந்தது.

அதே நாட்களில் இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். ஏப்ரல் 5 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஏப்ரல் 9 ஆம் திகதி வியாழக்கிழமை காலை ஏழு மணியை ஒட்டி அதே கப்பற்படையின் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. போப்ராட் புகையிரதத்துக்கும் சீனக்குடாப் புகைக்கும் இடையே இரண்டு வாரம்தான். இந்த அருகாமையைக் கண்டவுடன் இரண்டையும் ஒரே கதைக்குள் முடிச்சுப் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

நாடு மாறினால் சட்டமும் மாறும்

நாசி ஆட்சியின் கொடுமை எல்லா நாட்டிலும் ஒரே நாளில், ஒரே வடிவில் வரவில்லை. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எல்லா யூதப் பெண்களுக்கும் மஞ்சள் நட்சத்திரம் குத்திவிடுவார்கள். வார்சோவில் அது மஞ்சள் அல்ல. 1939 முடிவதற்குள் அங்கே கட்டாயமாக்கப்பட்டது நீல நட்சத்திரம் பொறித்த வெள்ளைக் கைப்பட்டி. ஜேர்மனியில் மஞ்சள் நட்சத்திரம் 1941 செப்டெம்பரில் வந்தது. ஒல்லாந்தில் 1942 மே மாதம். பிரான்சின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் அந்த ஜூன் மாதம். ஆகவே 1942 பெப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் டிராமில் உங்கள் கதைத்தலைவியின் சட்டையில் நட்சத்திரம் இருக்கக் கூடாது. ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் முன்பே இருந்தபோதிலும், அவுஷ்விட்ஸுக்கான பெருந்தொகை நாடுகடத்தல் 1944 மே நடுப்பகுதியில்தான் தொடங்கியது. தொடங்கியபின் எட்டு வாரங்களுக்குள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றுவிட்டார்கள். டென்மார்க்கிலோ 1943 ஒக்டோபரில் யூதர்களில் மிகப் பெரும்பாலானோர் மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றப்பட்டார்கள். ஒரே வயதுப் பெண்கள் நால்வரை நான்கு தலைநகரங்களில் வைத்தால் நான்கு வேறு கதைகள் வரும்.

முகாம்களையும் அப்படியே பிரித்தறிய வேண்டும். ட்ரெப்லிங்கா போன்ற கொலை முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் வந்துசேர்ந்த சில மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டார்கள். அங்கே உங்கள் கதைத்தலைவி மூன்று அத்தியாயம் தோழியோடு பேசிக்கொண்டிருக்க முடியாது. ராவன்ஸ்ப்ரூக் 1939 மே முதல் பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட முகாம். அங்கே யூதப் பெண்கள் மட்டுமன்றிப் போலந்து, பிரெஞ்சு அரசியல் கைதிகளும் ரோமா இனப் பெண்களும் அடைக்கப்பட்டிருந்தார்கள். கைதி எண்ணைக் கையில் பச்சை குத்தியது அவுஷ்விட்ஸிலும் அதன் கிளை முகாம்களிலும் மட்டுமே. அங்கேயும், புகையிரதத்திலிருந்து இறங்கியவுடன் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண் கிடையாது. எண் என்பது அன்றைக்கு உயிரோடு விடப்பட்டதன் அடையாளம். அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்ட சுமார் 11 இலட்சம் பேரில் மிகப் பெரும்பாலானோர் எண்ணில்லாமலே போனார்கள்.

இவ்வளவு நுணுக்கம் தமிழ் வாசகருக்கு வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டும். இனப்படுகொலை நடக்கவே இல்லை என்று வாதாடுபவர்கள் உலகில் இன்றும் இருக்கிறார்கள்; ஒரு நாவலில் காணும் பொய்யான விவரம் அவர்கள் கையில் கிடைத்த கத்தி. கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களில் ஒருத்தியைக் கற்பனை செய்ய நமக்கு உரிமை உண்டு என்றால், அவளைச் சுற்றியிருந்த சுவரின் நிறத்தைக் கற்பனை செய்யாமல் தேடிப் பார்க்கும் கடமையும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இளம்பெண் ஏன்?

உங்கள் நடுப்பாத்திரம் இளம்பெண்ணாக இருப்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். ஓர் இளைஞனுக்குரிய கதையை எழுதிவிட்டு, முடிவில் அவனுக்குப் பாவாடை கட்டிவிடுவது போதாது. வரலாறு இதற்கு வேண்டிய காரணங்களைத் தாராளமாகத் தருகிறது.

போலந்தில் யூதர்களை அடைத்துவைத்த சேரிகளுக்கிடையே செய்தியும் பணமும் ஆயுதமும் கடத்தியவர்களில் பலர் இருபதுகளில் இருந்த பெண்கள்: தோசியா ஆல்ட்மன், ஃப்ரும்கா புவோட்னிட்ஸ்கா, ஹைகா கிரோஸ்மன், விளாட்கா மீட் போன்றோர். ஏன் பெண்கள்? யூத ஆண்கள் விருத்தசேதனம் செய்துகொண்டவர்கள் என்பதால் ஒரு பொலிஸ்காரன் சந்தேகப்பட்ட மாத்திரத்தில் உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். மதம் பேணும் குடும்பங்கள் மகன்களை வேதப் பாடசாலைக்கும் மகள்களைப் போலந்து அரசுப் பாடசாலைக்கும் அனுப்பியதால், மகள்களே பிசிறில்லாத போலந்து மொழி பேசினார்கள். கத்தோலிக்கத் தோழிகளின் பழக்கவழக்கங்களும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. முக்கியமல்ல என்று கருதிக் குடும்பம் மகளுக்குக் கொடுத்த படிப்பே அவளைப் போராளியாக்கியது. இந்த முரணை எங்கள் ஊரின் பழைய வீடுகளைக் கண்ட எவரும் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அவுஷ்விட்ஸில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் துணியிலும் காகிதத்திலும் சிறிது சிறிதாக முடிந்து வெளியே கொண்டுபோன வெடிமருந்து, 1944 ஒக்டோபர் 7 ஆம் திகதி கைதிகள் நடத்திய எழுச்சிக்குப் பயன்பட்டது. ரோசா ரோபோத்தா, ஆலா கெர்ட்னர், எஸ்தூசியா வைட்ஸ்புளும், ரெகினா சஃபிர்ஷ்டைன் ஆகிய நால்வரும் 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்கள். சோவியத் படை முகாமுக்குள் வந்தது அந்த மாதம் 27 ஆம் திகதி. இத்தகைய உண்மையான பெண்களை உங்கள் கதையில் கடந்துபோக விடலாம், ஆனால் அவர்கள் வாயில் வசனம் வைக்காதீர்கள், காதலன் ஒருவனையும் கட்டிவிடாதீர்கள். மறுத்துப் பேச அவர்கள் இல்லை. அந்தத் தொழிற்சாலையில் இன்னொரு பெண்ணைக் கற்பனை செய்து, அவள் கண்ணால் அவர்களைப் பாருங்கள். காவலன் ஒருவனுக்கும் கைதிப் பெண்ணுக்கும் காதல் மலர்வதாக எழுதுவதைப் பற்றி என் கருத்தை ஒளிக்க மாட்டேன்: மறுக்க முடியாத நிலையில் இருந்தவளின் இணக்கத்தைக் காதல் என்று விற்பது எழுத்தல்ல.

உடலை மறைக்காதீர்கள், ஆனால் காட்சிப்பொருளாக்காதீர்கள். முகாம் பெண்களின் வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருபவை தலைமயிரை மழித்தபோது ஏற்பட்ட அவமானம், அந்நிய ஆண்கள் முன் நிர்வாணமாக நிற்க வைத்தது, பட்டினியால் மாதவிடாய் நின்றுபோனது, இனி எப்போதாவது பிள்ளை பெற முடியுமா என்ற பயம். கைக்குழந்தையோடு அவுஷ்விட்ஸில் இறங்கிய தாய்மார் பெரும்பாலும் நேரே நச்சுவாயு அறைக்கே அனுப்பப்பட்டார்கள். இவற்றை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டாவது வாக்கியம் வந்தால் அது பெரும்பாலும் எழுதுபவரின் ஆர்வம்தான். இதற்கு மாறாக நீட்டி எழுதத்தக்க ஒன்று உண்டு. தெரேசியன்ஸ்டாட் முகாமிலும் ராவன்ஸ்ப்ரூக்கிலும் பட்டினி கிடந்த பெண்கள் தங்கள் வீட்டுச் சமையல் முறைகளை ஒருவருக்கொருவர் சொல்லியும், கிடைத்த தாள்களில் எழுதியும் வைத்தார்கள். எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய் என்று இருவர் சண்டை பிடிக்கும் ஒரு பக்கம், பத்துப் பக்க வருணனையைவிட அதிகம் பேசும்.

திருகோணமலையை 1942 க்குத் திருப்புவது

நம்மூரை எழுதுவது எளிது என்று நினைத்தால் அங்கேதான் கால் வழுக்கும். இன்று கண்முன் நிற்பவற்றில் எவை அன்று இல்லை என்று முதலில் கழித்துக்கொள்ளுங்கள். இன்று சுவாமிமலை உச்சியில் நாம் கும்பிடும் கோணேசர் கோயில் போருக்குப் பின் எழுந்தது. கும்பாபிஷேகம் 1963 இல் நடந்தது. 1942 இல் உங்கள் பெண் பிரெட்ரிக் கோட்டைக்குள் போனால் அங்கே பாறையும் கடலும் படையினரும்தான். புகையிரதம் இருந்தது, 1927 இலேயே வந்துவிட்டது. சண்முகா பாடசாலை 1923 இல் தொடங்கியது. மெதடிஸ்த, கத்தோலிக்க மகளிர் பாடசாலைகளும் இருந்தன. ஆனால் இலவசக் கல்வி 1945 இல்தான் வந்தது. அதற்கு முன் ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இது அலங்கார விவரமல்ல. உங்கள் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியுமா, டொக்யார்டில் வேலை செய்யும் அப்பா கொண்டுவந்த ஆங்கிலப் பத்திரிகையை அவளால் வாசிக்க முடியுமா, அல்லது பக்கத்து வீட்டு அண்ணா வாசித்துச் சொல்லும் வீரகேசரியோடு நிற்கிறாளா என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. உங்கள் கொப்பியின் மூன்றாவது பத்தி இங்கேதான் நிரம்பும்.

தாக்குதல் நாளைப் பற்றி மிகைகள் பல உலவுகின்றன. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கவில்லை. அது முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போய்விட்டது. மறுநாள் முற்பகல் மட்டக்களப்புக் கடலில் வைத்து மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்துக்குள் எரிந்தது சகாயிங் என்ற சரக்குக் கப்பல். அதை 2018 இல் கடற்படையினர் நீருக்கடியிலிருந்து மேலே எடுத்தார்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்ததும் உண்மை. உங்கள் பெண்ணின் வீட்டிலிருந்து இவற்றில் எது தெரிந்திருக்கும் என்று ஒரு மாலையில் அந்த இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். உப்புவெளியில் நின்றால் தெரிவது வேறு, மூதூர்க் கரையில் நின்றால் தெரிவது வேறு. கிண்ணியாவின் முஸ்லிம் பெண்ணொருத்தி கொட்டியாரக் குடாவுக்கு இப்பாலிருந்து அந்தப் புகையைப் பார்த்திருப்பாள். அவளை எழுதிய கதை இன்னும் என் கண்ணில் படவில்லை.

வானத்தையும் சரிபார்க்கலாம், அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஈஸ்டர் என்பது இளவேனில் முழுநிலவுக்கு அடுத்து வரும் ஞாயிறு. அந்த ஆண்டு அது ஏப்ரல் 5. யூதர்களின் பாஸ்காப் பண்டிகையும் முழுநிலாவில் தொடங்குவது. அது ஏப்ரல் 1 ஆம் திகதி மாலை தொடங்கியது. ஆகவே ஏப்ரல் 8 ஆம் திகதி தேய்பிறையின் நடுப்பகுதி. நிலா எழ நள்ளிரவாகும். இருட்டடிப்பும் அமுலில் இருந்தால், கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறிய அந்த முன்னிரவில் கடற்கரையில் நின்ற பெண்ணுக்கு அவற்றின் வடிவம் தெரிந்திராது. சத்தம் மட்டும் கேட்டிருக்கும். ‘பால்போன்ற நிலவொளியில் கப்பல்கள் நகர்ந்தன’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நம் நாட்காட்டியையும் மறக்க வேண்டாம். அது விஷு வருடத்துப் பங்குனியின் கடைசி நாட்கள். நான்கைந்து நாளில் சித்திரபானு பிறக்க இருந்தது. வருடப்பிறப்புக்குச் சீலை வாங்கியாயிற்றா, பலகாரத்துக்கு மா இடித்தாயிற்றா, ஊரை விட்டு ஓடும்போது இடித்த மாவை என்ன செய்வது? குண்டுச் சத்தத்தை விட்டு இந்த மாவைப் பிடித்துக்கொண்டு போனால் கதை தானாக நகரும்.

அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தவுடன் அந்த வழி அடைபட்டது. பங்கீடும் கூப்பனும் சங்கக்கடை வரிசையும் கோதுமை மாப் பிட்டும் அதன் விளைவுகள். குசினிக்குள் நிற்கும் பெண்ணுக்கு உலகப் போர் முதலில் தெரிந்தது அரிசிப் பானைக்குள்தான். இதை எழுதுவதற்கு ஜெனரல்களின் பெயர் ஒன்றும் வேண்டியதில்லை.

இரு கரைகளையும் இணைக்க வேண்டுமானால்

இப்போது அந்த முடிச்சுக்கு வருகிறேன். அகதிக் கப்பலிலிருந்து தப்பிய யூதப் பெண்ணொருத்தி டச்சுக் குடாவில் கரையொதுங்கி, கோயிலடியில் நம்மூர்ப் பெண்ணொருத்தியின் தோழியாகிறாள் என்று ஒரு கதைச்சுருக்கத்தை வெவ்வேறு வடிவங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம். கடல் அப்படியெல்லாம் எழுத்தாளர் வசதிக்கு ஒதுக்கித் தராது.

உண்மையில் இருந்த பாலங்கள் இதைவிடச் சுவையானவை. வியன்னாவில் பிறந்த யூதப் பெண் ஹெடி, கேம்பிரிட்ஜில் சந்தித்த இலங்கையரான பீட்டர் கெனமனை மணந்து 1940 இல் இலங்கை வந்து, இங்கே இடதுசாரி அரசியலில் ஈடுபட்டார். ஹங்கேரிய யூத உளப்பகுப்பாய்வாளர் எடித் ஜியோம்ரோயும் போருக்குச் சற்று முன்னர் கொழும்பை வந்தடைந்தார். ஜேர்மன் யூதக் குடும்பத்தில் பிறந்து பௌத்த துறவியான ஞானபோனிக்க தேரரோ, ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவராக இருந்தும், ஜேர்மன் பிரஜை என்ற காரணத்தால் பிரித்தானியரால் தியத்தலாவையில் அடைக்கப்பட்டு, பின்னர் இந்தியாவின் தேராதூனுக்கு அனுப்பப்பட்டார். இவர்கள் எவரையும் பாத்திரமாக்கச் சொல்லவில்லை. இவர்களைப் போன்ற ஒருத்தி இலங்கையில் இருந்திருக்கலாம் என்பதற்கு இவர்கள் சான்று. அவளுடைய தங்கை வியன்னாவிலேயே நின்றுவிட்டாள் என்று வையுங்கள். எதிரி நாட்டுக்கிடையே கடிதம் போகாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவத்தில் 25 சொற்களுக்கு மேற்படாத குடும்பச் செய்தி மட்டும் போகும். அது ஜெனீவா வழியாகப் பல மாதம் கழித்துப் போய்ச் சேரும். பதில் அதே படிவத்தின் பின்புறத்தில் வரும், அல்லது வராது. அந்த 25 சொற்களை எழுதுவதையே ஒரு சிறுகதையாக்கலாம். அவளுக்குத் தட்டெழுத்து வேலையில் உதவும் திருகோணமலைப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

யூதர்கள் திட்டமிட்டு அழிக்கப்படுவதை நேச நாடுகள் கூட்டாக உலகுக்கு அறிவித்தது 1942 டிசெம்பர் 17 ஆம் திகதி. முகாம்களின் படங்கள் பரவலாக வெளிவந்தது 1945 ஏப்ரல் மாதம் முதல். அந்த மாதம் 15 ஆம் திகதி பிரித்தானியப் படை பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் நுழைந்தது. நம்மூர்ப் பெண்ணின் மூன்றாவது பத்தியில் இந்த இரண்டு திகதிகளுக்கும் முன்னால் யூதர்களைப் பற்றி அதிகமாக எதுவும் இருக்காது. பைபிளில் வரும் மக்கள் என்று கிறிஸ்தவப் பாடசாலையில் படித்திருப்பாள். அவ்வளவுதான். அந்த அறியாமையை நாணாமல் எழுதுங்கள்.

நம் போரும் அவர்கள் போரும்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவருக்குச் சோதனைச்சாவடியும் இடப்பெயர்வும் காணாமற்போனவர்களின் படத்தோடு நிற்கும் தாய்மாரும் புத்தகத்தில் படித்த விஷயங்கள் அல்ல. இது நமக்குள்ள பலம். வரிசையில் நிற்கும் கால் எப்படி மரத்துப்போகும், அடையாள அட்டையை எடுக்கும்போது கை எப்படி அவசரப்படும், பொய் சொல்லும்போது குரலை எப்படிச் சாதாரணமாக வைத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஐரோப்பியப் பாத்திரத்துக்கும் நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஜேர்மன் சீருடைக்குள் நம் ஊர் ஆட்களை ஒளித்துவைத்துப் பழி தீர்க்காதீர்கள். நம் போரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நம் போரைப் பற்றியே எழுதுங்கள். யூதப் பெண்ணுக்கு நேர்ந்தது அவளுக்கு நேர்ந்ததாகவே நிற்கட்டும்.

முதிய பெண்களிடம் கேட்டறியப் போகிறீர்கள் என்றால் காலம் தாழ்த்த வேண்டாம். 1942 இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டார். “பயமாக இருந்ததா, அம்மம்மா?” என்று கேட்டால் “ஓம் பிள்ளை” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “அண்டைக்கு என்ன சமைச்சிருந்தீங்கள்? ஆட்டையும் மாட்டையும் என்ன செய்தீங்கள்? ஆர் வீட்டில போய் இருந்தீங்கள்?” என்று கேளுங்கள். பொருளைக் கேட்டால் உணர்வு தானே வரும். அவருடைய நினைவில் ஜப்பான்காரன் குண்டும் பிற்காலப் போரின் பொம்மரும் கலந்திருக்கக்கூடும். முகத்துக்கு நேரே திருத்தாதீர்கள். வீட்டுக்கு வந்து, நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கும் பழைய ஈழகேசரி இதழ்களோடும் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பத்திரிகைத் தொகுதிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐரோப்பியப் பக்கத்துக்கு இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம், வாஷிங்டன் இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், ஆரோல்சன் ஆவணக்காப்பகம் ஆகியவற்றின் இணையத் தொகுதிகள் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைக்கும் ஒருமுறை போங்கள். கற்களில் பெயரை விட்டு வயதை வாசித்துக்கொண்டே நடங்கள். உங்கள் பெண் சந்தித்திருக்கக்கூடிய ஆண்களின் வயது அதுதான்.

எழுத உட்கார்ந்த பிறகு

முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் வந்தே தீரும்: “1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை, தன் வாழ்வையே புரட்டிப்போடப் போகும் பேரழிவு நெருங்குவதை அறியாமல் அவள் கிணற்றடிக்குச் சென்றாள்.” இதில் பேசுவது அவளல்ல, எண்பது ஆண்டு கழித்து இணையத்தில் தேடிய நீங்கள். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“வாளியை இறக்கும்போது துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பீரங்கி பழகுகிறார்கள் என்று நினைத்துக் கயிற்றை இழுத்தாள். வாளி பாதியில் வரும்போது கிணற்றின் விளிம்புச் சாந்து உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. ‘பிள்ளை, உள்ளுக்கு வா’ என்று அம்மா குசினிக்குள் இருந்து கூப்பிட்டா. அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருந்ததால் அவ வெளியே வரவில்லை.”

திகதி இல்லை, பேரழிவு இல்லை. அவளுக்குத் தெரிந்தது மட்டும் இருக்கிறது.

உரையாடலில் ஒரு முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். நம்மூர்ப் பெண்ணை நம்மூர்ப் பேச்சிலேயே பேச விடலாம். முறைப்பெயர்கள் தானாக வந்து விழும். போலந்துப் பெண்ணைத் திருகோணமலைப் பேச்சில் பேசவிட்டால் வாசகர் சிரித்துவிடுவார். மேடைத் தமிழில் பேசவிட்டால் பொம்மையாகிவிடுவாள். எளிய, குறுகிய எழுத்துத் தமிழ் போதும். அவள் மூத்தவளைப் பெயர் சொல்லியே அழைக்கட்டும், ‘அக்கா’ வேண்டாம். அந்நியப் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முதலிலேயே பட்டியலிட்டு, கடைசிப் பக்கம் வரை மாற்றாமல் வைத்திருங்கள். அச்சுக்குப் போகும்போது இது எவ்வளவு தலையிடியை மிச்சப்படுத்தும் என்பது பதிப்பாசிரியருக்குத்தான் தெரியும்.

முடிவு பற்றி ஒரு எச்சரிக்கை. ஐரோப்பியக் கதையில் கதைத்தலைவி பிழைப்பதே வழக்கமாகிவிட்டது, வாசகர் விரும்புவதும் அதையே. பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. அவள் பிழைத்தால், எந்தத் தற்செயலால், எந்த நாளில், எந்த வேலையில் இருந்ததால் பிழைத்தாள் என்பதைக் கொப்பியில் காட்ட முடிய வேண்டும். அவளுடைய நற்குணத்தால் பிழைத்தாள் என்று எழுதினால், இறந்தவர்களுக்கு அந்தக் குணம் இல்லை என்று சொன்னதாகிவிடும்.

கடைசியாக ஒரு பின்னுரை எழுதுங்கள்; ஒரு பக்கம் போதும். எந்தத் திகதிகளும் நிகழ்ச்சிகளும் நடந்தவை, எந்தப் பாத்திரங்கள் கற்பனை, எங்கே இரண்டு நாட்களை ஒன்றாக்கினீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கதை சொன்ன அம்மம்மாவின் பெயரை அவரும் வீட்டாரும் சம்மதித்தாலொழியப் போடாதீர்கள். இந்தப் பக்கத்தை நூலின் முன்னால் அச்சிட வேண்டாம். வாசகர் அந்தப் பெண்ணைச் சந்தித்த பிறகு படிக்கட்டும்.